டன்ஹில் வாசனைத் திரவியம்: தேர்ந்தெடுப்பதிலிருந்து பாட்டில் தீரும் வரை ஒரு முழுமையான வழிகாட்டி

டன்ஹில் பாட்டில் வாங்க நண்பர்கள், உறவுக்காரப் பிள்ளைகள் என்று பத்துப் பன்னிரண்டு பேரோடு லண்டன் கடைகளுக்குப் போயிருக்கிறேன். ஏறக்குறைய எல்லாருமே ஒரே இடத்தில்தான் சறுக்கினார்கள். கடையில் அடித்த முதல் பத்து நிமிடத்து வாசனை பிடித்துப்போய், அதை நம்பிப் பணம் கட்டிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து இரண்டு மணி நேரம் கழித்துத் தோலில் மிச்சமிருந்தது வேறு ஏதோ ஒன்று. அதன் பிறகு அந்தப் பாட்டில் அலமாரியின் பின்வரிசைக்குப் போய்விடும்.

இந்த வழிகாட்டியில் படிகளின் வரிசைதான் முக்கியம். மூன்றாவது படியைத் தாண்டி ஐந்துக்குப் போனால் ஐந்தாவது படி வேலை செய்யாது. ஏன் என்று அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

தொடங்கும் முன் கைவசம் வேண்டியவை

வேறு எந்த வாசனையும் போடாத ஒரு முழு நாள். வாசனை இல்லாத சோப்பு. குறிப்பு எழுத ஒரு சின்ன நோட்டு, அல்லது போன். சமையலறையிலிருந்து ஏலக்காய், மிளகு, எலுமிச்சைத் தோல். கிடைத்தால் கொஞ்சம் வெட்டிவேரும் ஒரு சந்தனக்கட்டையும். அப்புறம் கிராம் கணக்கில் காட்டும் சமையலறைத் தராசு. தராசு எதற்கு என்று எட்டாவது படியில் வரும்.

சளி பிடித்திருந்தால் அந்த வாரம் இந்த வேலையே வேண்டாம்.

1. பெயர்களைப் பிரித்துக்கொள்ளுங்கள்

முதல் குழப்பம் டன்ஹில் என்ற பெயரிலேயே இருக்கிறது. அதே பெயரில் சிகரெட்டும் உண்டு. அது பிரிட்டிஷ் அமெரிக்கன் டொபாக்கோவின் பொருள். ஆண்களுக்கான உடை, தோல் பொருட்கள் செய்யும் டன்ஹில், ரிஷ்மோன் என்ற ஆடம்பரப் பொருள் குழுமத்தைச் சேர்ந்தது. நாம் பேசும் வாசனைத் திரவியங்கள் இந்த இரண்டாவது டன்ஹிலின் பெயரில் வருபவை. "டன்ஹில்னா புகையிலை வாசம்தானே அண்ணா?" என்று கேட்டே ஒரு தம்பி கடைக்கு வர மறுத்தான். இல்லை. இந்த வரிசையில் பல பாட்டில்களில் புகையிலையின் சாயலே கிடையாது.

அடுத்த குழப்பம் ஐகான் குடும்பம். 2015இல் வந்தது ஐகான். அதன் பிறகு ஐகான் அப்சொலூட், ஐகான் எலீட், ஐகான் ரேசிங் என்று அதே வடிவப் பாட்டிலில் வேறு வேறு நிறங்களில் வந்தன. பாட்டிலைச் சுற்றியுள்ள உலோகத்தில் வரிவரியாகச் செதுக்கிய கோலம் எல்லாவற்றிலும் ஒன்றுபோலவே இருக்கும். உள்ளே இருப்பது ஒன்றல்ல. வெள்ளி நிறப் பாட்டில் ஐகான், பொன்னிறம் அப்சொலூட், கருப்பு எலீட், பச்சை ரேசிங். கடைக்குப் போகும்முன் இதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். "ஐகான் கொடுங்க" என்று மட்டும் கேட்டு, பச்சைப் பாட்டிலோடு வீடு திரும்பிய ஒருவரை எனக்குத் தெரியும்.

மற்ற பெயர்களில் அதிகம் கண்ணில் படுபவை மூன்று. 2000இல் வந்த சிவப்புப் பாட்டில் டிசையர், 2018இல் வந்த செஞ்சுரி, இடங்களின் பெயர்களைத் தாங்கிய சிக்னேச்சர் தொகுப்பு. சிக்னேச்சர் தொகுப்பில் அரேபியன் டெசர்ட், பிரிட்டிஷ் லெதர், மொராக்கன் ஆம்பர், இந்தியன் சாண்டல்வுட் போன்றவை உண்டு. அது விலை அதிகமான அடுக்கு. முதல் பாட்டிலுக்கு அங்கே போக வேண்டாம் என்பது என் கருத்து.

2. எங்கே, எப்போது போடப்போகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள்

வாசனையை முகரும் முன்பே இதை முடிவு செய்துவிட வேண்டும். பிடித்தது என்பதற்கும் பொருந்துவது என்பதற்கும் இடையே பெரிய தூரம் இருக்கிறது. முகர்ந்துவிட்டால் பிடித்ததற்கு ஏற்ற காரணங்களை மனசு தேட ஆரம்பித்துவிடும்.

"அலுவலகம், காலை முதல் மாலை, மூடிய அறை" என்பது போல ஒரே ஒரு வரி எழுதினால் போதும். மூடிய அறை என்றால் ஐகான், ரேசிங் பக்கம் பாருங்கள். இரவு விருந்து, குளிர்காலம் என்றால் அப்சொலூட் அல்லது டிசையர். வெயில் காலத்தில் நாள் முழுக்க வெளியே சுற்றுவதென்றால் செஞ்சுரி.

பெட்டியில் எழுதியிருக்கும் ஓ டி டாய்லெட், ஓ டி பர்ஃபம் என்ற சொற்களையும் இப்போதே கவனியுங்கள். பொதுவாக முன்னதில் வாசனை எண்ணெயின் அளவு 5 முதல் 15 சதவீதம், பின்னதில் 15 முதல் 20 சதவீதம். மீதி பெரும்பாலும் ஆல்கஹால். டிசையர் ஓ டி டாய்லெட், ஐகானும் செஞ்சுரியும் ஓ டி பர்ஃபம். ஆனாலும் சதவீதம் கூடினால் வாசனை தூரம் போகும் என்று கணக்குப் போட்டுவிடாதீர்கள். டிசையரில் உள்ள வெனிலாவும் ரோஜாவும் கனமானவை. ஒரே அளவு அடித்தால் ஐகானைவிட டிசையர்தான் அறையை நிரப்பும்.

3. சமையலறையில் மூக்கைப் பழக்குங்கள்

இந்தப் படியைத்தான் எல்லாரும் தாண்டிப் போகிறார்கள். கடையில் நின்று ஐந்து வாசனைகளை முகர்ந்துவிட்டு, "நல்லா இருக்கு", "ஒரு மாதிரி இருக்கு" என்பதற்கு மேல் சொல்லத் தெரியாமல் தவிப்பதற்குக் காரணமும் இதுதான். பெயர் தெரியாத வாசனையை நினைவில் வைத்துக்கொள்வது கடினம்.

நமக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது. டன்ஹில் பாட்டில்களில் உள்ள பொருட்களில் பாதி நம் வீட்டுப் பொருட்கள். ஐகானில் மிளகும் ஏலக்காயும் வெட்டிவேரும் உண்டு. வெட்டிவேர் என்ற நம் சொல்லே ஐரோப்பிய மொழிகளுக்குப் போய் வெட்டிவர் ஆனது. டிசையரில் பச்சௌலி உண்டு, அந்தப் பெயருக்கும் பச்சிலைதான் மூலம் என்பார்கள். செஞ்சுரியில் ஏலக்காய், சந்தனம், குந்திரிக்கம், கோரைக்கிழங்கின் இனத்துச் செடியிலிருந்து எடுக்கும் சிப்ரியால் ஆகியவை உண்டு. அப்சொலூட்டில் மிளகு, குங்குமப்பூ, அகில்.

செய்ய வேண்டியது இதுதான். ஒரு ஏலக்காயை நசுக்குங்கள். அந்த நிமிடமே முகருங்கள், பத்து நிமிடம் கழித்து மறுபடி முகருங்கள். முதலில் கற்பூரம்போல் ஏறும் குளிர்ச்சி, பிறகு தணிந்து இனிப்பாகும். மிளகை உடைத்து முகருங்கள். காரம் தொண்டைக்குப் போகும் முன்பு, எலுமிச்சைக்குப் பக்கத்தில் வரும் ஒரு மரவாசனை தெரியும். வெட்டிவேரைத் தண்ணீரில் நனைத்து முகருங்கள். மழை விழுந்த மண்ணும் கொஞ்சம் புகையும் கலந்திருக்கும்.

வீட்டில் இல்லாதவை இரண்டு உண்டு. ஒன்று பெர்கமாட், எலுமிச்சை இனத்துப் பழம். எலுமிச்சைத் தோலைக் கிள்ளி, அதோடு ஏர்ல் கிரே தேயிலையை முகர்ந்தால் பிடிபட்டுவிடும், அந்தத் தேயிலைக்கு வாசனை தருவதே பெர்கமாட்தான். இன்னொன்று நெரோலி, கசப்பு ஆரஞ்சுப் பூவிலிருந்து எடுப்பது. அதைக் கடையில் ஐகானை அடித்து அரை நிமிடம் கழித்து முகர்ந்தால் நேரடியாகவே பிடிக்கலாம். புதிதாய்த் துவைத்த வெள்ளைத் துணியை நினைவுபடுத்தும் பூவாசனை அது.

4. கடையில் காகிதம் மட்டும்

கடைக்கு முதல்முறை போகும்போது தோலில் எதையும் அடிக்காதீர்கள். விற்பவர் கையை நீட்டச் சொல்வார், மரியாதையாக மறுத்துவிட்டுக் காகிதப் பட்டை கேளுங்கள். மணிக்கட்டு இரண்டுதான். அங்கே தப்பான இரண்டு வாசனைகள் உட்கார்ந்துவிட்டால் அன்றைய நாள் போச்சு.

மூன்று வாசனைகளுக்கு மேல் வேண்டாம். நாலாவதிலிருந்து மூக்கு மந்தமாகிவிடும். ஒவ்வொரு பட்டையிலும் பெயரும் நேரமும் எழுதுங்கள், அடித்த பிறகு அல்ல, அடிக்கும் முன். பேனா எடுப்பதற்குள் எந்தப் பட்டை எது என்று மறந்துபோவதை எத்தனையோ தடவை பார்த்துவிட்டேன்.

அடித்தவுடன் முகராதீர்கள். ஆல்கஹால் பறக்க அரை நிமிடம் விடுங்கள். இல்லாவிட்டால் மருத்துவமனை வாசனைதான் ஏறும். இடையே மூக்கைத் தெளியவைக்கக் காபிக்கொட்டையை நீட்டுவார்கள், அது இன்னொரு வலுவான வாசனை, அவ்வளவுதான். உங்கள் சொந்தச் சட்டையின் முழங்கை மடிப்பை முகர்ந்தால் போதும்.

பட்டைகளை ஒன்றோடொன்று ஒட்டாமல் தனித்தனி உறையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். மறுநாள் காலையில் எது இன்னும் பிடிக்கிறது என்று பாருங்கள். காகிதத்தால் ஒன்றைக் கழிக்கத்தான் முடியும், தேர்ந்தெடுக்க முடியாது. பிடிக்காததைத் தள்ளி ஒன்றையோ இரண்டையோ மட்டும் மிச்சம் வையுங்கள்.

5. தோலில் ஒரு முழு நாள்

மொத்த வழிகாட்டியிலும் நேரம் செலவிட வேண்டிய இடம் இதுதான்.

வாசனையற்ற சோப்பில் குளித்துவிட்டுக் காலையில் கடைக்குப் போய் ஒரு கையில் ஒரே வாசனையை ஒரு தடவை அடியுங்கள். அல்லது 2 மில்லி மாதிரிக் குப்பி வாங்கி வீட்டிலேயே செய்யுங்கள், அது இன்னும் நல்லது. முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவில், உள்பக்கம் அடிக்க வேண்டும். மணிக்கட்டில் அடித்தால் கை கழுவும்போது போய்விடும். இரண்டு கைகளையும் சேர்த்துத் தேய்க்காதீர்கள். தேய்க்கும் சூட்டில் முதலில் பறக்க வேண்டிய லேசான பொருட்கள் இன்னும் வேகமாகப் பறந்துவிடும். நீங்கள் சோதிக்க வந்ததில் ஒரு பகுதி அங்கேயே தொலைந்துவிடும்.

ஐகானை நான் சோதித்த ஒரு நாளின் குறிப்பு இது. என்ன எழுத வேண்டும் என்று புரிவதற்காகத் தருகிறேன்.

காலை 9.10: அடித்தேன். ஆரஞ்சுப் பூ, எலுமிச்சைத் தோல், கூர்மை.
9.30: கூர்மை தணிந்தது. மிளகு, ஏலக்காய். மிகப் பிடித்தது. (இந்த இடத்தில்தான் எல்லாரும் பணம் கட்டுகிறார்கள்.)
10.45: லாவெண்டர் மேலே வருகிறது. சவரக் கடை ஞாபகம். கொஞ்சம் ஏமாற்றம்.
மதியம் 1: வெட்டிவேர், தோல் பொருளின் மணம். நிதானமாக இருக்கிறது. மறுபடி பிடிக்கிறது.
4.30: மூக்கைத் தோலில் வைத்தால்தான் தெரிகிறது. பாசி படிந்த மரம்.
7: சட்டைக் கையில் மட்டும் லேசாக.

10.45க்கு நிறுத்தியிருந்தால் வேண்டாம் என்றிருப்பேன், 9.30க்கு நிறுத்தியிருந்தால் இரண்டு பாட்டில் வாங்கியிருப்பேன். இரண்டுமே தப்பு. நாம் அதிக நேரம் சுமக்கப்போவது மதியம் ஒரு மணி வாசனையை. அது பிடிக்கிறதா என்பதுதான் கேள்வி.

லேசான மூலக்கூறுகள் முதலில் ஆவியாவதும் கனமானவை கடைசிவரை தங்குவதும்தான் இதற்குக் காரணம். பெர்கமாட்டும் நெரோலியும் கால் மணியில் மங்கத் தொடங்கும். வெட்டிவேர், சந்தனம், அகில் போன்றவை மாலைவரை நிற்கும். தோலின் சூடும் எண்ணெய்ப் பசையும் இந்த வேகத்தை மாற்றும். அதனால்தான் நண்பனின் கையில் மணத்தது உங்கள் கையில் அப்படியே மணப்பதில்லை. வறண்ட தோல் என்றால் சீக்கிரம் போய்விடும். லண்டன் குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடும் அறையில் தோல் இன்னும் வறளும், அந்த நாட்களில் சோதித்தால் வாசனை வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் குறைவாக நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு மணி நேரத்துக்குப் பிறகு "போயிடுச்சு" என்று முடிவு கட்டாதீர்கள். பெரும்பாலும் போயிருக்காது, உங்கள் மூக்கு அதற்குப் பழகியிருக்கும். வெளியே போய்ப் பத்து நிமிடம் நடந்துவிட்டு வந்து முகருங்கள். அல்லது பக்கத்தில் இருப்பவரிடம் கேளுங்கள். இதைத் தெரியாமல்தான் மத்தியானத்துக்குள் மூன்று முறை அடித்துக்கொண்டு அடுத்த மேஜைக்காரருக்குத் தலைவலி வரவைக்கிறார்கள்.

அடித்த இடத்தில் சிவந்தாலோ அரித்தாலோ அந்தப் பாட்டிலை அத்தோடு விட்டுவிடுங்கள்.

6. இரண்டாவது நாள், வேறு சூழ்நிலையில்

முதல் நாள் வீட்டில் இருந்திருந்தால் இரண்டாம் நாள் வெளியே போகும்போது போட்டுப் பாருங்கள். இரண்டாவது படியில் எழுதிய அந்த ஒரு வரிச் சூழ்நிலை எதுவோ அதில்தான் சோதனை நடக்க வேண்டும். இங்கே ஒருவரின் கருத்தையும் கேளுங்கள், ஆனால் பெயரைச் சொல்லாமல். "டன்ஹில் போட்டிருக்கேன், எப்படி இருக்கு?" என்றால் பெயருக்கான பதில்தான் வரும்.

7. வாங்கும்முன் பெட்டியைப் படியுங்கள்

டன்ஹில் வாசனைத் திரவியங்களைத் தயாரித்து விற்கும் உரிமத்தை இன்டர் பர்ஃபம்ஸ் நிறுவனம் பல வருடங்கள் வைத்திருந்தது. அது 2023இல் முடிந்தது. கடைகளில் அந்தக் காலத்துச் சரக்கும் கிடைக்கலாம். பழைய சரக்கு என்பதாலேயே கெட்டது என்று அர்த்தமில்லை. ஆனால் எங்கே, எத்தனை நாள், எப்படி வைத்திருந்தார்கள் என்பது விலையைவிட முக்கியமாகிவிடுகிறது. வெயில் படும் கண்ணாடிப் பெட்டியில் அடுக்கியிருக்கும் கடையில் நான் வாங்குவதில்லை.

பெட்டியின் அடியில் ஒரு குறியீட்டு எண் அச்சிட்டிருக்கும். பாட்டிலின் அடியிலும் அதே எண் இருக்க வேண்டும். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் வாங்காதீர்கள். எண் ஒத்துப்போனாலும் அசல் என்று உறுதியில்லை, ஒத்துப்போகாவிட்டால் ஏதோ தப்பு என்பது உறுதி. ஸ்ப்ரே மெல்லிய புகையாக வர வேண்டும். துளித்துளியாகத் தெறித்தால் சந்தேகப்படுங்கள்.

ஒரே பெயரில் பழைய பாட்டிலும் புதிய பாட்டிலும் வேறு மாதிரி மணப்பதாகப் பலர் சொல்வார்கள். சில சமயம் அது உண்மை. ஓக் மரப்பாசிச் சாற்றில் உள்ள அட்ரனால், குளோரோஅட்ரனால் என்ற இரண்டு பொருட்களை ஒவ்வாமைக்காக ஐரோப்பிய ஒன்றியம் தடைசெய்தது, 2021க்குப் பிறகு அவை உள்ள பொருட்களை அங்கே விற்க முடியாது. லில்லியல் என்ற பூவாசனைப் பொருளுக்கு 2022 மார்ச் 1 முதல் தடை. இப்படி விதி மாறும்போது தயாரிப்பாளர்கள் கலவையை மாற்றுகிறார்கள். ஆகவே எந்தச் சரக்கில் மாதிரி பார்த்தீர்களோ அதிலேயே வாங்குங்கள். இந்தக் கடையில் சோதித்துவிட்டு இணையத்தில் மலிவாகக் கிடைத்த வேறு ஆண்டுப் பாட்டிலை வாங்கியவர்கள்தான் "இது போலி" என்று பிறகு சண்டை போடுகிறார்கள்.

முதல் பாட்டிலை 50 மில்லியில் வாங்குங்கள். ஒரு அழுத்துக்குச் சுமார் 0.1 மில்லி என்று வைத்தால் 500 அழுத்து வரும். நாளுக்கு மூன்று என்றால் ஐந்து மாதத்துக்கு மேல். 100 மில்லிக்கு விலை வித்தியாசம் கொஞ்சம்தான் என்று விற்பவர் சொல்வார், கணக்குச் சரிதான். ஆனால் பிடிக்காமல்போனால் இரட்டிப்பு நாள் அலமாரியில் இருக்கும்.

8. முதல் நாளே எடை போடுங்கள்

ஐகானின் உலோக உறைக்குள் திரவம் எவ்வளவு இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது. பயணத்துக்கு நடுவில் திடீரென்று காற்று மட்டும் வரும். அதற்குத்தான் தராசு. புதுப் பாட்டிலை மூடியோடு நிறுத்தி, எடையைப் பெட்டியின் உள்பக்கம் பென்சிலால் எழுதிவிடுங்கள். ஆல்கஹால் கலவை தண்ணீரைவிட லேசு, ஒரு மில்லி ஏறத்தாழ 0.8 கிராமிலிருந்து 0.9 கிராம் வரை இருக்கும். 50 மில்லிப் பாட்டில் 20 கிராம் இறங்கியிருந்தால் கிட்டத்தட்டப் பாதி தீர்ந்துவிட்டது. உபயோகிக்காத மாதத்திலும் எடை இறங்கினால் ஸ்ப்ரே தலையில் கசிவு இருக்கிறது.

9. போடும் முறை

குளித்துத் துவட்டியதும், சட்டை போடும்முன். தோல் லேசாக ஈரமாக இருக்கும்போது வாசனை நன்றாகப் பிடிக்கும். வறண்ட தோல் உள்ளவர்கள் வாசனையில்லாத மாய்ஸ்சரைசர் கொஞ்சம் தடவிவிட்டு அதன்மேல் அடிக்கலாம். ஒரு சாண் தூரத்திலிருந்து மார்பில் ஒன்று, கழுத்தின் பின்புறம் ஒன்று. அலுவலகத்துக்கு இது போதும். டிசையர் என்றால் மார்பில் மட்டும் ஒன்று.

வெயிலில் நிற்கப்போகிற நாளில் கழுத்திலும் கையிலும் வேண்டாம். பெர்கமாட் போன்ற சிட்ரஸ் எண்ணெய்களில் வெயில் பட்டால் தோலில் கறை விழவைக்கும் பொருட்கள் இயல்பாக உண்டு. இப்போது அவற்றை நீக்கியோ குறைத்தோதான் சேர்க்கிறார்கள், இருந்தாலும் சட்டைக்குள் அடித்தால் கவலையே இல்லை.

பட்டு வேட்டி, பட்டுச் சட்டை, வெளிர்நிற உடைகள் மேல் நேராக அடிக்காதீர்கள், கறை போகாது.

10. வைக்கும் இடமும் பயணமும்

குளியலறை வேண்டாம். அங்கே சூடும் ஈரமும் நாளுக்கு இரண்டு தடவை ஏறி இறங்கும். வெளிச்சம் படாத அலமாரி, அசல் பெட்டிக்குள், நின்ற நிலையில். காரில் விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

ஊருக்குப் பரிசாகக் கொண்டுபோகிறவர்கள் அளவைப் பாருங்கள். செஞ்சுரி 135 மில்லியிலும் வருகிறது. 100 மில்லிக்கு மேற்பட்ட பாட்டிலைக் கைப்பையில் கொண்டுபோகப் பல விமான நிலையங்களில் விடமாட்டார்கள். பாதுகாப்புச் சோதனையில் அதைப் பிடுங்கிப் போடுவதைப் பார்ப்பது வேதனை. பெரிய பெட்டியில் துணிகளுக்கு நடுவே, மூடியின் மேல் டேப் ஒட்டி, நெகிழிப் பையில் கட்டி வையுங்கள். எரியக்கூடிய திரவம் என்பதால் வெளிநாட்டுத் தபாலில் போடலாம் என்ற நினைப்பும் வேண்டாம்.

ஊரில் இறங்கியதும் அதே அளவு அடிக்காதீர்கள். லண்டனில் மூன்று அழுத்து போட்டுப் பழகியவர் மே மாதச் சென்னையில் ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும். சூட்டில் எல்லாமே வேகமாக எழும்பும், முதல் அரைமணி நேரம் பக்கத்தில் இருப்பவருக்குத் தாங்காது.